சிட்டி கோல்ஃபுக்கு மாற்று ஸ்டார்ட்டர்: சில வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

பழைய சிட்டி கோல்ஃப் காரில் ஸ்டார்ட்டர் (சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) படுத்துவிட்டால், பேர் தெரியாத பெட்டியில் வரும் புதுசை விட, காரோடு வந்த பாஷ் கம்பெனி ஸ்டார்ட்டரையே பிரித்துச் சரிசெய்து போடுவதற்குத்தான் என் ஓட்டு. எங்கள் வீட்டில் ஒரு சிட்டி, மச்சான் வீட்டில் ஒரு சிட்டி. அவர் மலிவான புதுசு வாங்கினார், நான் பழையதைப் பழுதுபார்த்தேன். இரண்டும் சில வருஷம் ஓடியாகிவிட்டது.

இந்தக் காரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பாவில் ஃபோக்ஸ்வேகனின் முதல் கோல்ஃபுக்கு அடுத்த மாடல் வந்த பிறகும், தென்னாப்பிரிக்காவின் யூட்டன்ஹேக் ஆலையில் (ஊர் பேர் இப்போது கரியேகா) அதே உடம்பை வைத்து 1984 முதல் 2009 வரை சிட்டி கோல்ஃப் செய்தார்கள். அதனால் டர்பனில், அதிலும் எங்கள் சாட்ஸ்வொர்த் பக்கம், இன்னும் நிறைய ஓடுகின்றன. உதிரிபாகத்துக்குப் பஞ்சமே இல்லை. தொல்லையும் அதில்தான். கிளேர்வுட் பக்கம் போனால் புது பாஷ், பழையதைக் கொடுத்து வாங்கும் எக்ஸ்சேஞ்ச், பைரேட் பார்ட் (ஒரிஜினல் அல்லாத மலிவு மால்), ஸ்கிராப்யார்டில் கழற்றியது என்று ஒரே காருக்குப் பல தரம் காட்டுவார்கள். மேஜையில் வைத்தால் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

என் வண்டி காலையில் நன்றாகவே எடுக்கும். கொஞ்ச நேரம் ஓட்டி, சூடான பிறகு நிறுத்திவிட்டுத் திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். சாட்ஸ்வொர்த்தில் மேடு பள்ளத்துக்குக் குறைவில்லை. இறக்கம் பார்த்து நிறுத்தி, செகண்ட் கியரில் கிளட்சை விட்டு எடுத்துச் சமாளிக்கலாம். தைப்பூசக் காவடி அன்று கோயில் வாசலில், முன்னும் பின்னும் ஜனம் நிற்கும்போது அந்த வித்தை பலிக்காது.

‘டக்’ கேட்டதும் ஸ்டார்ட்டர் வாங்க ஓட வேண்டாம். முதலில் ஒரு மல்ட்டிமீட்டர். முழுசாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்ட வேண்டும். எஞ்சினைச் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் முதலில் பேட்டரியைச் சோதியுங்கள். அப்புறம் சோலனாய்டில் (ஸ்டார்ட்டரோடு சேர்ந்த மின்காந்த சுவிட்ச்) 50 என்று எண் போட்ட முனை. சாவியைத் திருப்பும்போது அங்கே வோல்ட் சரியாக வரவில்லை என்றால் குறை சாவி சுவிட்சிலோ வயரிலோ இருக்கிறது, ஸ்டார்ட்டரில் இல்லை. டர்பன் உப்புக்காற்றில் எர்த் பட்டை பச்சை பூத்துப்போவதும் சகஜம். கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே, சுற்றும்போது அரை வோல்ட் தொலைகிறது என்றால் பட்டையை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

என் காரில் இதெல்லாம் சரியாக இருந்தது. கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்டார்ட்டரைத் தொடுவதற்கு முன்பே, “தம்பி, கியர்பாக்ஸ் பக்கத்துப் புஷ்ஷைப் பாத்தியா?” என்றார்.

இந்தக் காரில் முக்கியமான சங்கதி அதுதான். மேனுவல் கியர் சிட்டியில் ஸ்டார்ட்டர் தண்டின் நுனியைத் தாங்கும் சின்ன உலோக வளையமான புஷ் ஸ்டார்ட்டரில் கிடையாது, கியர்பாக்ஸ் கூட்டுக்குள் அடித்திருக்கும். ஸ்டார்ட்டரைக் கழற்றினாலும் அது காரிலேயே தங்கிவிடும். அது தேய்ந்தால் தண்டு சாய்கிறது, மோட்டாருக்குள் சுற்றும் ஆர்மேச்சர் உள்சுவரில் உரசுகிறது, சுற்றவே திணறி அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது. அந்தப் புஷ்ஷை விட்டுவிட்டு எவ்வளவு உசத்தியான ஸ்டார்ட்டரை மாட்டினாலும் சீக்கிரமே அதே கதைதான். என்னுடையதைப் பிரித்ததும் ஆர்மேச்சரில் உரசிய தடம் பளபளவென்று தெரிந்தது. கார்பன் பிரஷ்ஷும் தேய்ந்து கடைசிக்கு வந்திருந்தது.

புஷ்ஷின் விலை ஸ்டார்ட்டரோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெளியே எடுப்பதுதான் வேலை. உள்ளே மரை போட்டுப் பிடித்து இழுத்தார்கள். புதிய புஷ் எண்ணெய் குடிக்கும் வெண்கலம் என்பதால், எஞ்சின் ஆயிலில் ஊறப்போட்டுத்தான் அடிக்க வேண்டும். சில ஸ்டார்ட்டர்களுக்கு மூக்கு மூடியிருக்கும், நுனிக்கு அதிலேயே தாங்கி உண்டு. அவற்றுக்கு இந்தப் புஷ் தேவையில்லை. எனவே பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பல் எண்ணிக்கை, போல்ட் துளை, தகட்டில் இருக்கும் கிலோவாட் மூன்றையும் ஒப்பிடுங்கள். பாஷ் என்றால் 0 001 என்று தொடங்கும் எண் இருக்கும், அதை முழுசாகப் பாருங்கள்.

பிரஷ், பின்பக்கப் புஷ், சோலனாய்டு, கியர்பாக்ஸ் புஷ், கூலி எல்லாம் சேர்ந்தும் புது பாஷ் விலையில் பாதிகூட ஆகவில்லை. அன்று முதல் சூட்டிலும் குளிரிலும் ஒரே சத்தம், ஒரே வேகம்.

மச்சானுடையது முதல் வருஷம் அருமை. என்னுடையதை விட விறுவிறுப்பாகவே சுற்றியது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்புறம் எஞ்சின் எடுத்த பிறகும் ஸ்டார்ட்டரின் பல் பின்வாங்காமல் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. கழற்றினால் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் பிசுபிசுத்து, சோலனாய்டின் செம்புத் தொடுமுனை கருகியிருந்தது. அவர் புஷ்ஷை மாற்றவில்லை, அதனால் முழுப் பழியையும் ஸ்டார்ட்டர் மேல் போட முடியாது. ஆனால் உள்ளே போட தனியாக ஒரு பாகமும் கிடைக்கவில்லை, மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மலிவு மாலில் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடையில் வாங்கும் பொருள் பழுதானால் ஆறு மாதத்துக்குள் திருப்பலாம். பழுதுபார்க்கும்போது போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் மூன்று மாத உத்தரவாதம் உண்டு. எக்ஸ்சேஞ்ச் எடுப்பவர்கள், கையிலிருக்கும் பழைய பாஷ் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கொடுப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கலாம். மச்சான் தன் பழையதை வீட்டிலேயே வைத்திருந்தார். இப்போது அதே எலக்ட்ரீஷியன் கையால், புதுப் புஷ்ஷோடு, அது அவர் காரில் ஏறியிருக்கிறது.