எம்-சாண்ட்ல பூசின சுவரு, ஆறு வருஷம் கழிச்சு

மச்சான் பர்கூர்ல வீடு கட்டப் போறான், போன வாரம் போன் போட்டு "மாமா எம்-சாண்ட்ல பூசலாமா, இல்ல ஆத்து மணலே தேடணுமா"ன்னு கேட்டான். எம்-சாண்ட்னா கருங்கல்ல உடைச்சு எடுக்குற மணல். அவன் கேட்டது நான் மேக்கு சுவத்த உடைச்சு மறுபடி பூசின வாரம், அதனால கொஞ்சம் சூடாத்தான் எழுதுறேன்.

காவேரிப்பட்டணத்துல 2018ல கட்டின வீடு. செங்கல் கட்டு முழுக்க எம்-சாண்ட், 1:6 (ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல்), அதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. வினையெல்லாம் வெளிப்பூச்சுல. குடிவந்த மூணாவது மாசமே மேக்கு பக்கம் மயிர்க்கோடு, சிலந்தி வலை கணக்கா. பட்டி வெச்சேன், பெயிண்ட் அடிச்சேன், அடுத்த வெயிலுக்கு அதே எடத்துல அதே கோடு. தட்டினா டொப்பு டொப்புன்னு சத்தம். வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் மொதல்ல அந்த சுவத்ததான் பாக்குறாங்க, இல்ல எனக்குதான் அப்படி தோணுதோ என்னமோ.

இப்ப உடைக்க வந்த மேஸ்திரி பேந்த சில்ல கையில வெச்சு தேச்சாரு, மாவா உதிர்ந்துச்சு. "இது மணலே இல்லைங்க, கிரஷர் டஸ்ட்டு"ன்னாரு, அதாவது கல்லு உடைக்கிறப்ப விழுற தூசி. பூச்சுக்கு கழுவி, சன்னமா சலிச்ச பி-சாண்ட் (எம்-சாண்ட்லயே பூச்சு ரகம்) வேணுமாம், 2.36 மில்லி சல்லடையில எறங்குறது. எனக்கு வந்த லோடுல பாதி மாவு. மாவு தண்ணிய குடிக்கும், கலவை கரணையில வழுக்காது, உடனே சித்தாள் இன்னொரு பக்கெட் ஊத்தும். சிமெண்ட் இறுகுறதுக்கு அதோட எடையில கால் பங்கு தண்ணி போதும், 50 கிலோ மூட்டைக்கு 12, 13 லிட்டர், பூசுற பதத்துக்குதான் மேல கொஞ்சம் சேக்குறோம். அளவு மீறி ஊத்தினது எல்லாம் காஞ்சு போறப்ப சின்ன சின்ன ஓட்டைய விட்டுட்டு போகும், பூச்சும் சுருங்கும், கோடு விழும்.

சரி, கிரஷர்காரன மட்டும் திட்டினா நியாயமில்ல. சிமெண்ட் கூட போட்டா கெட்டியா இருக்கும்னு 1:4 போடச் சொன்னது நான்தான், சிமெண்ட் ஏற ஏற சுருக்கமும் ஏறும்னு அப்ப யாரு கண்டா. பழைய மேஸ்திரி வேற பினிஷிங் வரணும்னு ஈரத்து மேல வெறும் சிமெண்ட்ட தூவி தேச்சாரு, மேல்தோல் தனியா இறுகி வெடிச்சுருச்சு. பூசின சுவத்துக்கு தண்ணி ஊத்துனதும் நாலே நாள், போர்ல தண்ணி இல்ல. பிபிசி (PPC) ரக சிமெண்ட்ல 15ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் நிலக்கரி சாம்பல் கலந்திருக்கும், மெதுவாத்தான் பலம் ஏறும், பத்து நாளாவது சுவரு ஈரமா இருக்கணும்.

எங்க தாத்தா வீட்டு சுவரு சுண்ணாம்பும் கடுக்காத்தண்ணியும், ஒரு கோடு கிடையாது. அதப் பாக்குறப்பதான் வயிறு எரியும்.

இந்த தடவ பழைய பூச்ச கொத்தி எடுத்து, சுவத்த நனைச்சு, பி-சாண்ட்ல 1:5. இறுக ஆரம்பிச்ச கலவைக்கு மறுபடி தண்ணி ஊத்தக் கூடாதுன்னு நானே பக்கத்துல சேர் போட்டு உக்காந்துட்டேன், சித்தாளுக்கு என்மேல செம கடுப்பு. இப்ப தட்டினா கல்லு மாதிரி இருக்கு, ஆனா ஒரு கோடைய தாண்டட்டும்.

மச்சான்கிட்ட எம்-சாண்ட் சகவாசமே வேண்டாம்டா, எத்தன காசானாலும் ஆத்து மணல் பாருன்னு சொல்லிட்டேன். நாளைக்கு என் காம்பவுண்டு சுவத்துக்கு ஒரு யூனிட் பி-சாண்ட் வருது, அத அவன்கிட்ட சொல்லல.