நான்கு வருடம், ஏழு குப்பி: முக எண்ணெய் எனக்கு என்ன செய்தது

47 வயதில் ஒரு நாள் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பத்து நிமிடம் ஆகவில்லை, கன்னம் இரண்டும் இழுத்துப் பிடித்தன. சிரித்தால் வாயோரம் தோல் மடங்குவது தெரிந்தது. பத்து வருடமாகப் பூசிவந்த அதே க்ரீம்தான், அளவும் அதேதான். ஆனால் மதியத்துக்குள் மூக்கின் இரு பக்கமும் மெல்லிய செதில் எழும்பி நின்றது. க்ரீமை இரண்டு மடங்கு அப்பிப் பார்த்தேன், பிரயோஜனமில்லை.

அப்போதுதான் முக எண்ணெய்ப் பக்கம் போனேன். இப்போது எனக்கு 51. நடுவில் ஏழு குப்பிகள் வந்து போயின. அதில் மூன்றை முடிக்காமலேயே தூக்கிப் போட்டேன். விளம்பரத்தில் எழுதியிருந்ததற்கும் என் முகத்தில் நடந்ததற்கும் உள்ள தூரத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில், தோல் ஏன் திடீரென்று இப்படி ஆகிறது? தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே செரமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்று வகைக் கொழுப்புகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுப்பது இவைதான். வயது ஏற ஏற இவை குறைகின்றன. அதற்கு மேல் முகத்தில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெயும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சமயத்தில் இந்தக் குறைவு பளிச்சென்று தெரிந்துவிடும். இருபது வயதில் எண்ணெய் வழிகிறது என்று அழுத முகம் இது. ஐம்பதில் அதே எண்ணெயைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

முதல் குப்பி ரோஸ்ஹிப் எண்ணெய், காட்டு ரோஜாக் காயின் விதையிலிருந்து எடுப்பது. ஆரஞ்சு நிறத்தில் பார்க்க அழகாக இருந்தது. ‘இயற்கை ரெட்டினால்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். ரெட்டினால் என்பது சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை. ராத்திரி முகம் கழுவி, துண்டால் நன்றாகத் துடைத்து, காய்ந்த முகத்தில் ஆறேழு துளி விட்டுத் தேய்த்தேன். கண்ணாடி போட்டால் மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வந்தது. தலையணை உறையில் கன்னத்தின் அச்சு மஞ்சளாகப் பதிந்தது. காலையில் எழுந்தால் மேலே பிசுபிசுப்பு, உள்ளே அதே இழுப்பு. இது எப்படிச் சாத்தியம் என்று குழம்பிப் போனேன்.

விஷயம் ரொம்பச் சின்னது. எண்ணெயில் தண்ணீர் கிடையாது. அது ஈரத்தைக் கொண்டுவந்து தராது, இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் கொஞ்சம் பிடித்து வைக்கும், சொரசொரப்பை மெழுகிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. காய்ந்த தோலில் எண்ணெய் தடவினால் வறட்சிக்கு மேல் மூடி போட்ட கதைதான். முகம் ஈரமாக இருக்கும்போதே கிளிசரின் உள்ள சீரமோ க்ரீமோ பூசி, அது முழுக்கக் காய்வதற்குள் எண்ணெய் வைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அளவும் மூன்று துளிக்கு மேல் வேண்டியதில்லை.

சரி, முறையைத் திருத்திக்கொண்டேன். ஆனால் ஐந்தாவது மாதம் அந்தக் குப்பியைத் திறந்தபோது ஒரு வாடை வந்தது. பழைய மெழுகுக் கலர் பென்சில் பெட்டியைத் திறந்தது போல. காறிப்போன எண்ணெயின் வாடை. வீணாக்க மனமில்லாமல் இன்னும் ஒரு வாரம் தடவினேன், முட்டாள்தனம். கன்னம் சிவந்து காந்த ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினேன். ரோஸ்ஹிப்பில் லினோலீயிக் என்ற கொழுப்பு அமிலமும் அதன் இனத்தைச் சேர்ந்த ஒமேகா 3 வகையும் நிறைய. தோலுக்கு நல்லவைதான், ஆனால் காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். நான் அதை வைத்திருந்த இடமோ குளியலறை ஜன்னல் திட்டு. அந்த ‘இயற்கை ரெட்டினால்’ பேச்சும் பெரிய அளவில் நிற்காது. ரோஸ்ஹிப்பில் அந்த வகைப் பொருள் இருந்தாலும் துளியூண்டுதான், மருந்து செய்யும் வேலையை அது செய்துவிடாது. ஆரஞ்சு நிறம் கரோட்டினாய்டுகளால் வருவது, கேரட்டுக்கு நிறம் தரும் அதே வகைப் பொருள்கள்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. லாவெண்டர், ஆரஞ்சுத் தோல், இன்னும் என்னென்னவோ நறுமண எண்ணெய்கள் சேர்ந்த ஒரு கலவையை வாங்கினேன். மணம் அருமை, மறுப்பதற்கில்லை. ராத்திரி அதைத் தடவிக்கொள்ளும் அந்த ஐந்து நிமிடத்துக்காகவே காத்திருப்பேன். மூன்றாவது வாரம் தாடையோரம் அரிப்பு, அப்புறம் கண் இமைகள் தடித்து, காகிதம் மாதிரிக் காய்ந்து போயின. தோல் மருத்துவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முகத்தில் போடுவதை எல்லாம் நிறுத்தச் சொன்னார். லிமோனின், லினலூல் என்ற வாசனைப் பொருள்கள் காற்றுப் பட்டு மாறும்போது சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும், லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான் என்றார். செடியிலிருந்து வந்தது தோலைக் கடிக்காது என்று நம்பிக்கொண்டிருந்தேன். காஞ்சொறியும் செடிதான்.

அன்றிலிருந்து எந்தப் புது எண்ணெயையும் நேராக முகத்துக்குக் கொண்டுபோவதில்லை. முழங்கை மடிப்பின் உட்புறம், காசு அளவுக்கு ஓர் இடம், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் முதல் பத்து நாள். கழுவக் கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரே நாள் தடவிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒவ்வாமை பல சமயம் மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது மருலா, ஓர் ஆப்பிரிக்க மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய். தடவியதும் பட்டுப் போல இருந்தது. மூன்று மாதத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளையாகக் கடுகுபோலச் சில பொரிகள். மிலியா என்கிறார்கள், பிதுக்கினாலும் வராது. அதற்கு எண்ணெய்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நிறுத்திய பிறகு புதிதாக வரவில்லை, அது போதும் எனக்கு. மருலாவில் ஒலீயிக் என்ற கொழுப்பு அமிலம் அதிகம், ஆலிவ் எண்ணெயிலும் அப்படியே. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பெரியவர்களின் தோலில் ஆலிவ் எண்ணெயையும் சூரியகாந்தி விதை எண்ணெயையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். ஆலிவ் தோலின் தடுப்புச் சுவரைப் பலவீனப்படுத்தியது, சிலருக்கு லேசாகச் சிவக்கவும் வைத்தது. லினோலீயிக் அதிகமுள்ள சூரியகாந்தியில் அந்தத் தொல்லை இல்லை. எனவே குப்பியின் முன்பக்கம் எழுதியிருக்கும் அழகான செடிப் பெயரைவிட, உள்ளே எந்தக் கொழுப்பு அமிலம் தூக்கலாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். துளைகளை அடைக்குமா என்று 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் பட்டியல் ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது. அதன் ஆரம்பம் முயல் காதில் செய்த சோதனைகள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காவது ஜோஜோபா, ஒரு பாலைவனப் புதரின் விதையிலிருந்து வருவது. குறை சொல்ல ஒன்றுமில்லை, பத்து மாதம் ஓடியது. உண்மையில் இது எண்ணெயே இல்லை, திரவ மெழுகு. குளிர் அதிகமானால் குப்பிக்குள்ளேயே உறைந்துவிடும். மெழுகு என்பதால் சீக்கிரம் கெடாது.

அதற்குப் பிறகு வந்த மூன்று குப்பிகளும் ஸ்குவாலேன். இரண்டரை வருடம் ஆகிறது, மாற்றத் தோன்றவில்லை. நம் தோல் சுரக்கும் எண்ணெயிலேயே பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஸ்குவாலீன் என்ற பொருள் இருக்கிறது. அது காற்றுப் பட்டால் சீக்கிரம் கெடும். அதோடு ஹைட்ரஜன் சேர்த்து நிலைப்படுத்தியதுதான் ஸ்குவாலேன். நிறமில்லை, மணமில்லை, காறுவதும் இல்லை. ஒரு காலத்தில் சுறாவின் ஈரலிலிருந்து எடுத்தார்கள். இப்போது ஆலிவ், கரும்பு மூலம் வருவது தாராளமாகக் கிடைக்கிறது, லேபிளில் எதிலிருந்து என்று பார்த்து வாங்குகிறேன். 30 மில்லி குப்பி எனக்குப் பத்து மாதம் வருகிறது.

என் ராத்திரி வேலை இவ்வளவுதான். நுரை அதிகம் வராத கிளென்சரால் கழுவுவேன். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். செரமைடு உள்ள க்ரீம். ஒரு நிமிடம் கழித்து உள்ளங்கையில் மூன்று துளி. இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டு, முகத்தில் இழுக்காமல் அழுத்தி அழுத்தி எடுப்பேன். முதலில் கன்னம், பிறகு வாயோரம், மிச்சம் கழுத்துக்கு. கண்ணுக்குக் கீழே போக மாட்டேன். நெற்றியில் கைவிரல் படும் அளவுதான், இல்லையென்றால் முன்முடி காலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் அரை மணி நேரமாவது தலையணையில் முகம் வைப்பதில்லை. காதில் வைத்துப் பேசினால் போன் திரை முழுக்க எண்ணெய், அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

பகலில் எண்ணெய் கிடையாது. சன்ஸ்க்ரீன் தோலில் ஒரு சீரான படலமாக நின்றால்தான் வேலை செய்யும். அதன்மேல் எண்ணெயைத் தேய்த்தால் படலம் கலைந்துபோகும். சில விதை எண்ணெய்களுக்கே வெயிலைத் தடுக்கும் சக்தி இருக்கிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதை நம்பி சன்ஸ்க்ரீனை விட்டுவிடுவது ஆபத்து.

சுருக்கம் போச்சா என்றுதானே கேட்கிறீர்கள்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே ஜன்னல் பக்கம் நின்று, காலை வெளிச்சத்தில், முகத்தில் ஒன்றும் போடாமல் படம் எடுத்து வைத்திருக்கிறேன். கண்ணோரக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. கன்னத்தின் கருந்திட்டுகள் முதல் வருடம் முழுக்க இம்மியும் நகரவில்லை. கழுத்துத் தொய்வை எந்த எண்ணெயும் தொடவில்லை. தடவிய பத்தாவது நிமிடம் வறட்சியால் வந்த மெல்லிய கீறல்கள் மறைவது உண்மை. இரண்டு நாள் விட்டால் திரும்பி வருவதும் உண்மை. ‘முன்–பின்’ படங்களில் பாதி அந்தப் பத்தாவது நிமிடப் படமாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வருடப் படங்களில் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. திட்டுகள் வெளுத்து, கன்னத்தின் சொரசொரப்பு தணிந்திருக்கிறது. அந்தப் பெருமையை எண்ணெய்க்குக் கொடுக்க முடியாது. அந்த வருடம்தான் ரெட்டினாலை விடாமல் பூசினேன், தினமும் சன்ஸ்க்ரீன் போட்டேன். வெயிலால் முதிர்ந்த தோலை ரெட்டினாய்டு மருந்துகள், அதாவது ரெட்டினாலின் குடும்பம், ஓரளவு சீராக்கும் என்பது 1986-இல் தோல் மருத்துவர் கிளிக்மனின் குழு அந்தக் குடும்பத்து ட்ரெட்டினாயின் மருந்து பற்றி எழுதிய காலத்திலிருந்தே பேசப்படுவது. நான் அதற்கு முன் இரண்டு தடவை ரெட்டினால் ஆரம்பித்து, தோல் உரிந்து எரிந்ததால் விட்டவள். மூன்றாவது தடவை வாரத்துக்கு இரண்டு ராத்திரி மட்டும், மேலே க்ரீம், அதற்கு மேல் ஸ்குவாலேன் என்று போனேன். உரிதல் தாங்கும் அளவுக்குள் நின்றது. எண்ணெய் செய்த உருப்படியான வேலை என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

என்னைப் பார்த்து என் தங்கையும் ஒரு குப்பி வாங்கினாள். அவளுக்கு 44, இன்னும் மதியத்துக்குள் மூக்கு மின்னும் முகம். அவள் எடுத்ததோ ஆலிவ் எண்ணெய் கலந்தது. இரண்டே வாரத்தில் நெற்றி முழுக்க ஒரே மாதிரிச் சின்னச் சின்னப் பருக்கள். “அக்கா, உனக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிச்சு?” என்று போனில் சண்டைக்கு வந்தாள். தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற பூஞ்சைக்குப் பெரும்பாலான தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்கள் தீனி. பொடுகு, மூக்கோரச் செதில், நெற்றிப் பரு என்று அடிக்கடி வருகிறவர்கள் யோசித்துத்தான் இறங்க வேண்டும். ஸ்குவாலேனில் கொழுப்பு அமிலமே இல்லாததால் அந்தச் சிக்கல் இல்லை. அவளுக்கு அதுவும் வேண்டாம் என்றேன். க்ரீமே போதுமென்று இருக்கிற முகத்துக்கு மேலே எதற்கு இன்னொன்று?

ஈரத்தைப் பூட்டி வைப்பது மட்டும்தான் நோக்கம் என்றால் சாதாரண வாசலின் இந்த எண்ணெய்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். கடுங்குளிரில் உதட்டோரத்துக்கும் மூக்கோரத்துக்கும் நான் அதைத்தான் வைக்கிறேன். முகம் முழுக்க அப்பிக்கொண்டு தூங்க முடியவில்லை, அதனால்தான் எண்ணெய்.

இப்போது மூன்றாவது ஸ்குவாலேன் குப்பியில் கால்வாசி இருக்கிறது. புழுக்கமான ராத்திரிகளில் அதைத் தொடுவதே இல்லை. குப்பியின் அடியில் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி, ஜன்னல் திட்டில் வைக்காமல் அலமாரிக்குள் வைத்திருக்கிறேன்.