மூலையே இல்லாத வீட்ல எட்டு வருஷம்: இர்விங் கில் வீடு, என் அனுபவம்

சான் டியேகோல நாங்க வாடகைக்கு இருக்குற வீட்டுக்கு இந்த ஜூனோட எட்டு வருஷம் முடிஞ்சிருச்சு. லீஸ் ரினியூ பண்ற நேரம் வந்தாலே பிரெண்ட்ஸ்ல யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிருவாங்க, "ஏன்யா இன்னும் அந்த வெள்ளை டப்பாக்குள்ளயே கெடக்குற, இதே காசுக்கு புது அபார்ட்மென்ட்டே வருமே"ன்னு. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் ஒரே வாட்டியா எழுதிடுறேன், நல்லதும் கெட்டதும் சேத்து.

ஆர்கிடெக்ட் பேரைப் பாத்து வந்தவன் இல்ல நானு. 2017ல வேலை மாறி வந்தப்போ அவசரத்துக்கு ஒரு வீடு வேணும், வாடகை கொஞ்சம் கம்மியா இருந்துச்சு, அவ்ளோதான். ஓனர் கதவைத் திறந்துவிட்டு ரொம்பப் பெருமையா "இது கில் ஹவுஸ்"னாரு, நான் ஹில் ஹவுஸ்னு நெனச்சு நல்லா தலையாட்டுனேன், மேட்டுல தானே இருக்கு வீடு. உள்ள போனா ஒண்ணுமே இல்ல. கதவு ஒரே பலகை மாதிரி வழவழன்னு இருக்கு, ஜன்னலைச் சுத்தி சட்டம் துருத்திக்கிட்டு நிக்கல, சுவரும் கூரையும் சேர்ற எடத்துல பூவேலை கிடையாது. வாசல்ல ஒரு வளைவு, அது வழியா சின்னதா ஒரு முற்றம், பின்னாடி வெள்ளைச் சுவரு. என் வொய்ப் காதுல வந்து "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க"ன்னா. சரி ஒரு வருஷம் ஓட்டுவோம்னு கையெழுத்து போட்டோம்.

இந்த வீட்டைப் புரிய வச்சது எங்கம்மா. 2019ல வந்து ஆறு மாசம் இருந்தாங்க. மறுநாள் காலைல, எனக்கு இன்னும் தூக்கமே கலையல, இண்டியன் ஸ்டோர்ல வாங்குன விளக்குமாற எடுத்து ஹால்ல குந்தி பெருக்கிட்டு இருக்காங்க. கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுருச்சு. என்னன்னு எட்டிப் பாத்தா சுவரோரமா கையை வச்சு தடவிட்டு இருக்காங்க.

"ஏன்டா, இதென்ன மூலையவே காணோம்?"

அப்பதான் நானே ஒழுங்கா பாத்தேன், ரெண்டு வருஷம் குடியிருந்துட்டு! தரை சுவரைத் தொடுற எடத்துல கோடு கெடையாது, தரையே அப்படியே வளைஞ்சு மேல ஏறி சுவரா மாறுது. விளக்குமாறு அந்த வளைவுல வழுக்கிட்டு வந்துடுது, குப்பை உக்கார எடமே இல்ல. அம்மா பாத்ரூமுக்குப் போய் பாத்தாங்க, தொட்டியச் சுத்தியும் அப்படித்தான், விளிம்பு வரைக்கும் பூசி மூடியிருக்கு, அடில கைய விட்டுத் தேய்க்குற வேலையே இல்ல. "இதக் கட்டுனவன் வீடு கூட்டிப் பழகினவன்டா"ன்னாங்க. அன்னிக்குத்தான் ராத்திரி உக்காந்து யாரு இந்த இர்விங் கில்னு தேட ஆரம்பிச்சேன்.

1870ல நியூயார்க் மாகாணத்துல டல்லிங்குற சின்ன ஊர்ல பிறந்தவரு. காலேஜ்ல போய் ஆர்கிடெக்சர் படிக்கல, வேலை பாத்தே கத்துக்கிட்ட ஆளு. சிகாகோவுல ஆட்லர் அண்ட் சல்லிவன் ஆபீஸ்ல இருந்தாரு, அதே சமயத்துல அங்க, பின்னாடி பெரிய ஆர்கிடெக்டா பேர் வாங்குன பிராங்க் லாய்ட் ரைட்டும் வேலை பாத்துட்டு இருந்தாரு. அவரைத் தெரியாதவங்க கெடையாது, இவரைக் கேட்டா சான் டியேகோலயே பாதி பேருக்குத் தெரியல, என்னைச் சேத்து. 1893ல கில் இங்க வந்துட்டாரு. ஆரம்பத்துல ஹெபார்டுங்குறவரோட கூட்டு சேந்து ஊருக்குப் பிடிச்ச மாதிரியே கட்டுனாரு. 1905ல கட்டுன மார்ஸ்டன் வீடு பால்போவா பார்க் ஓரத்துல மியூசியமா இருக்கு, போய்ப் பாருங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா அதப் பாத்துட்டு கில் இப்படித்தான்னு முடிவு பண்ணிடாதீங்க. அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஒண்ணொண்ணா கழட்டிப் போட்டுக்கிட்டே வந்திருக்காரு மனுஷன், ஓட்டுச் சாய்ப்பு போச்சு, மரவேலை போச்சு, கடைசில கனசதுரமும் வளைவும் மட்டும்தான் மிச்சம். அதே காலத்துல வியன்னாவுல அடால்ஃப் லூஸ்ங்குற ஆர்கிடெக்ட், அலங்காரமே வேண்டாம்னு இதையே பெரிய கொள்கையா பேசிட்டு இருந்தாரு, இவரு இங்க பேசாம கட்டிட்டு இருந்திருக்காரு.

ரொம்பப் பேசாத ஆளு 1916ல ஒரு பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. அதுல அம்மா சொன்னது அப்படியே இருக்கு! தூசி தங்குற விளிம்பு வேண்டாம், பூச்சி ஒளியுற இடுக்கு வேண்டாம், வீட்டு வேலை செய்யுறவங்களோட உழைப்ப மிச்சம் பண்ணணும்னு. வீட்டைப் பாறை மாதிரி மொட்டையா கட்டிடு, அலங்காரத்த கொடிக்கும் நிழலுக்கும் விட்டுடுன்னும் சொல்றாரு. இதெல்லாம் படிக்குறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரின்னு சொன்ன அதே வொய்ப் இப்போ யாராவது வீட்டுக்கு வந்தா சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வரச் சொல்றா. அந்நேரம் முற்றத்துக் கொடியோட பச்சை ஹால் சுவத்துல லேசா ஏறும். வெறும் வெள்ளை பெயின்ட் இல்லயாம் அவரு அடிச்சது, மத்த நிறங்கள கொஞ்சம் கொஞ்சம் கலந்து அடிப்பாராம், வெளிய இருக்குற நிறத்த வாங்கிக்குறதுக்கு. எங்க வீட்ல ஒரிஜினல் பெயின்ட் என்னிக்கோ போயிருச்சு, ஆனாலும் சுவரு வேலை செய்யுது.

சரி குறைக்கு வருவோம், நெறைய இருக்கு.

முதல்ல தரை. பாக்க நம்மூரு செவப்பு ஆக்சைடு தரை மாதிரியே இருக்கும், ஆனா அது வேற ஜாதி, மேக்னசைட். மேக்னீசியம் ஆக்சைடையும் குளோரைடு கரைசலையும் மரத்தூளோட கலந்து ஊத்தித் தேய்ச்சு விடுறது. ஜாயின்ட்டே இல்லாம வர்றதுக்கு அதான் காரணம். காலுக்கு சில்லுன்னு குத்தாது. ஆனா தண்ணி ஆகவே ஆகாது அதுக்கு, ஊற ஊற பலம் போயிடும். இது எனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, வெள்ளிக்கிழமைன்னு ரெண்டு பக்கெட் தண்ணிய ஊத்தி அடுப்படியக் கழுவி விட்டுட்டாங்க, அதுவும் நாலு வெள்ளிக்கிழமை. வெள்ளையா பூத்து, பின் கதவு பக்கத்துல ஒரு பெரிய திட்டு அப்படியே பொடிஞ்சிருச்சு. ஓனர் பாவம் நல்ல மனுஷன், கத்தல, ஆனா அதச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள் கெடைக்கவே ஏழு மாசம் ஆச்சு. ஒட்டுப்போட்ட எடம் கலர் வேறயா இலங்கை மேப் மாதிரி இன்னும் இருக்கு. ஈரத்துணில தொடச்சு உடனே காய விடணும், அவ்ளோதான் அதுக்குத் தாங்கும்.

அடுத்து சுவரு. எங்க வீட்ல உள்ள ஓட்டையா இருக்குற சுட்ட மண் கல்லு, மேல சிமென்ட் பூச்சு. வெயில் காலத்துல ஏசி இல்லாமலே ஓட்டிடலாம், அது உண்மை. ஆனா ஆணி அடிச்சுப் பாருங்க தெரியும், டிரில் உள்ள போனதும் டபக்குனு வெத்திடத்துல விழும், சுத்தியிருக்குற கல்லு நொறுங்கிடும். வைஃபை ஹால்ல இருந்து பெட்ரூம் போறதுக்குள்ள செத்துடும், மூணு டப்பா வச்சுதான் ஓடுது. 2021ல ஒரு பெயின்ட் கான்ட்ராக்டர் வந்து ரப்பர் மாதிரி ஒரு பெயின்ட அடிச்சு "பத்து வருஷத்துக்குக் கவலையில்ல"ன்னுட்டுப் போனாரு, அடுத்த மழைக்கே கொப்புளம் கொப்புளமா வந்துச்சு. உள்ள போன ஈரம் வெளிய வர வழி இல்ல, அதான் விஷயம். பழைய வீடுன்னா சுவரு மூச்சு விடுற மாதிரி பூச்சு கேளுங்க. மொட்டை மாடி ஒழுகல் பத்தி சொல்ல வேண்டியதே இல்ல, தட்டைக் கூரைன்னா ஒழுகும், வருஷா வருஷம் அக்டோபர்ல ஒருத்தர் ஏறிப் பாக்கணும்.

சாமான் வைக்க எடம் இல்ல. தூசிய இவ்ளோ யோசிச்ச ஆளு பாத்திரத்த யோசிக்கல, இட்லிப் பானையும் கிரைண்டரும் எங்க போறது? ஜன்னலையும் மாத்த முடியாது, பாரம்பரியக் கட்டடம்னு பதிவு பண்ணதால ஓனருக்கு மில்ஸ் ஆக்ட்ங்குற கலிபோர்னியா சட்டத்துல சொத்து வரி குறையுது, பதிலுக்கு வெளித்தோற்றத்த மாத்தக் கூடாது. ரோட்டுச் சத்தம் நமக்கு, வரிச் சலுகை அவருக்கு!

சிரிப்பா சொல்றேன், ஆனா வாடகை விஷயத்துல கில்லுக்கே ஒரு சோகம் உண்டு. 1910ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல சியரா மாட்ரேங்குற ஊர்ல லூயிஸ் கோர்ட்ஸ்னு ஒரு குடியிருப்பு கட்டுனாரு, வருமானம் கம்மியானவங்களுக்காக, சின்னச் சின்ன வீடு, நடுவுல பொதுத் தோட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியா மறைவும் வெளிச்சமும் வர்ற மாதிரி. ரொம்ப நல்லா வந்துருச்சு, அதான் வினையே, கிராக்கியப் பாத்து வாடகைய ஏத்திட்டாங்க, யாருக்காகக் கட்டுனாரோ அவங்களால உள்ள வர முடியல.

அதுக்கு அவரு பாத்த வழி கட்டுற செலவையே குறைக்குறது. 1912ல ஒரு மிஷினையே வாங்கிப் போட்டாரு, சுவரைத் தரையில படுக்க வச்சு கான்கிரீட் வார்த்து, ஜன்னல் சட்டமெல்லாம் அதுலயே பதிச்சு, காஞ்சதும் ஜாக்கி வச்சு அப்படியே தூக்கி நிறுத்துறது. லா ஹோயாவுல 1914ல கட்டுன விமன்ஸ் கிளப் இந்த மாதிரி நிறுத்துனதுதான், வெளிய இருந்து பாத்தா நம்பவே மாட்டீங்க, அந்த வளைவெல்லாம் படுத்துக் கெடந்தது. இப்போ குடோன் சைஸ்ல இருக்குற பெரிய கடைங்க நெறைய இதே முறையிலதான் எழும்புது, ஆனா கில்லோட கம்பெனிக்கு அது கட்டுபடியாகல, மூடிட்டாரு.

அப்புறம் 1915ல பால்போவா பார்க் கண்காட்சி வந்துச்சு. பெர்ட்ராம் குட்ஹியூங்குற ஆர்கிடெக்ட் சும்மா ஸ்பானிஷ் பூவேலையா இழைச்சு இழைச்சுக் கட்டிட்டாரு, ஊரே அந்தப் பக்கம் சாஞ்சிருச்சு, மொட்டைச் சுவரை யாரு கேப்பா? கில்லுக்கு வேலை கொறைஞ்சுட்டே போச்சு. 1930கள் ஆரம்பத்துல எல் கேப்பிடன் அணைக்காக ஊரை விட்டுக் கிளப்புன பழங்குடி மக்களுக்கு பரோனாவுல வீடுங்க வரைஞ்சு குடுத்தாரு. 1936ல கார்ல்ஸ்பாட்ல செத்துப் போனாரு. கட்டடக்கலை பத்தி எழுதுற எஸ்தர் மெக்காய் 1960ல அவரைப் பத்தி எழுதுற வரைக்கும் பெருசா யாரும் திரும்பிப் பாக்கல.

எழுதியும் 1970ல டாட்ஜ் ஹவுஸை இடிச்சுட்டாங்க, லாஸ் ஏஞ்சலஸ்ல அவரோட பெரிய வேலை அது. 1916லயே அந்த வீட்ல குப்பை எரிக்குற சூளைக்கு அடுப்படில இருந்தே வழி, சுவத்துக்குள்ள வாக்யூம் கிளீனர் குழாய், கராஜ்ல கார் கழுவுற ஏற்பாடு. போட்டோவப் பாத்தா இப்போ கட்டுன வீடு மாதிரி இருக்கு. அதான் பிரச்சனைன்னு நெனக்கிறேன், பழசுன்னு சொல்ல ஒரு தூணோ ஒரு பூவோ இல்லாததால இடிக்க யாருக்கும் கை கூசல போல.

போகலாமா வேணாமான்னு கேக்குறவங்களுக்கு: சின்னக் குடும்பம், சாமான் கம்மி, தண்ணி ஊத்திக் கழுவுற ஆள் வீட்ல இல்லன்னா தாராளமா போங்க. நாங்க இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டாச்சு. அம்மா மறுபடி வர்றாங்களாம் டிசம்பர்ல, போன்ல முதல் கேள்வியே "அந்தத் திட்டு அப்படியேதான் இருக்கா?"ன்னு. இருக்கும்மான்னேன். கல்யாணத்துக்கு மாமா குடுத்த சுவர்க் கடிகாரமும் எட்டு வருஷமா தரையிலதான், அந்த வளைவுல சாஞ்சு நிக்குது, நேரம் பாக்கணும்னா குனியணும்.