மெர்லின் செயலி: வேலூர்ப் பக்கத்துச் சின்னக் குருவிகளுக்கு எவ்வளவு நம்பலாம்?

சீமைக்கருவேலம் புதரில் ஒரு பழுப்புக் குருவி. நாலு படம் எடுத்தாயிற்று, பெயர் தெரியவில்லை. அப்படிப்பட்ட நேரத்துக்குப் போனில் இருக்க வேண்டியது, படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2014-இல் வெளியிட்டது. இலவசம், விளம்பரம் கிடையாது, நம் பகுதிப் பறவைகளுக்கான தகவல் தொகுப்பை (பேக்) இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, சாம்பல் கதிர்க்குருவி போன்றவற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கலாம். குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வரும், வார்ப்ளர் எனப்படும் பழுப்புச் சின்னக் குருவிகளுக்கு மட்டும் அது சொல்லும் முதல் பெயரை அப்படியே குறித்துக்கொள்ளாதீர்கள்.

பேக்கை வீட்டு வைஃபையிலேயே இறக்கிவிடுங்கள். அளவு பெரியது. ஜவ்வாது மலைக்குக் கிளம்பிய பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து செய்கிற வேலை அல்ல.

மெர்லினில் படத்தை வைத்துப் பெயர் தேடும் பகுதியான ஃபோட்டோ ஐடியில் படத்தைத் திறந்ததும் ஒரு சதுரம் வரும். இரண்டு விரலால் பெரிதாக்கி, குருவி அந்தச் சதுரத்தை நிறைக்கும்படி வையுங்கள். பலர் இதைச் செய்யாமல் மரம் முழுக்கத் தெரியும் படத்தைக் கொடுத்துவிட்டு, செயலி சரியில்லை என்கிறார்கள். அடுத்து இடமும் தேதியும். படம் எடுத்த தேதியைக் கொடுக்க வேண்டும், பார்க்கிற தேதியை அல்ல. ஜனவரியில் எடுத்த படத்துக்கு ஜூன் என்று போட்டால், நம் ஊருக்கு வலசை வரும் பறவைகளெல்லாம் பின்னுக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் வந்த படமானால் இன்னும் கவனம் தேவை. அதில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், உள்ளே பதிவான தேதியும் இடமும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.

நிறத்தை நம்புவதில்தான் பாதித் தவறு நடக்கிறது. வேப்பமர நிழலில் இலையின் பச்சை குருவியின் வயிற்றில் விழும். வெள்ளை வயிறு மஞ்சளாகத் தெரியும். நம் பக்கத்து வெயில் ஒன்பது மணிக்கே கடுமையாகிவிடுவதால், முதுகு வெளுத்து, அடிப்பக்கம் கறுத்துப் படம் வரும். எதிர்வெளிச்சம் என்றால் கேமராவில் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். குருவி ஓரிடத்தில் நிற்காது, அதனால் ஷட்டர் வேகம் 1/1000 நொடியைவிட மெதுவாக வேண்டாம். பக்கவாட்டில் ஒன்று, வால் அடிப்பக்கம் தெரிய ஒன்று, அலகு முழுசாகத் தெரிய ஒன்று என மூன்று படம் இருந்தால், அழகான ஒரே படத்தைவிட மேல்.

அலகு கேமராவை நோக்கித் திரும்பியிருந்தால் நீண்ட அலகும் குட்டையாகத் தெரியும். அந்த ஒரு படத்தால் பெண் தேன்சிட்டு பூக்கொத்தியாகிவிடும். தேன்பழ மரத்திலும், மாமரத்துப் புல்லுருவியிலும் இரண்டும் வருவதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேரும். தேன்சிட்டுகளுக்குள் பெண்ணைப் பிரிக்கத் தொண்டையைப் பாருங்கள். ஊதாப்பிட்டு தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் வெள்ளை, மார்பு மஞ்சள். ஊதா தேன்சிட்டின் பெண்ணுக்குத் தொண்டையும் மஞ்சள். மஞ்சள் மார்பின் நடுவே மை இழுத்தாற்போல் கருங்கோடு ஓடினால், அது இனப்பெருக்கக் காலம் முடிந்து நிறம் மாறிய ஊதா தேன்சிட்டு ஆண். புதுப் பறவை என்று நினைக்க வேண்டாம்.

இனி அந்தப் பழுப்புக் குருவி. பிளித்ஸ் ரீட் வார்ப்ளர், பூட்டட் வார்ப்ளர் இரண்டும் பாலாற்றோரப் புதர்களில் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை காணக் கிடைப்பவை. மெர்லினுக்கு இவை சிரமமான ஜோடி. ஏனென்றால் படத்தில் முதலில் கண்ணில் படும் நிறம் இங்கே உதவாது. வாலைப் பாருங்கள். ரீட் வார்ப்ளருக்கு வால் நுனி உருண்டை, வாலின் அடியில் மூடியிருக்கும் இறகுகள் நீளம். பூட்டடுக்கு வால் நுனி வெட்டினாற்போல் சதுரம், ஓர இறகில் வெண்மை, அடி இறகுகள் குட்டை. பிறகு புருவக்கோடு: ரீட் வார்ப்ளருக்கு அது கண்ணுக்கு முன்னால்தான் எடுப்பாக இருக்கும், கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும், பூட்டடுக்குக் கண்ணுக்குப் பின்னும் நீளும். ரீட் வார்ப்ளரின் அலகு நீளம், நெற்றி சரிவாக இறங்கும். பூட்டடின் அலகு சின்னது, தலை உருண்டை. இந்த அடையாளங்களில் குறைந்தது இரண்டு சேர்ந்து ஒத்துவந்தால் பெயர் வையுங்கள். வேலிக்குள்ளிருந்து "டக், டக்" என்று விட்டுவிட்டுக் கேட்டால், ரீட் வார்ப்ளர் பக்கம் சாயலாம்.

சில்லைகளில் (முனியா) தவறு வேறு மாதிரி. புள்ளிச் சில்லையின் குஞ்சுக்கு மார்பில் செதில் கோலமே இருக்காது, வெறும் பழுப்பு. கூட்டத்தில் பக்கத்தில் நிற்கும் வளர்ந்த பறவையையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவிட்டால் சந்தேகம் அங்கேயே தீரும்.

மெர்லினில் உள்ள பெரிய குறை, முதலில் வந்த பெயருக்கு அது எவ்வளவு உறுதி என்பது திரையில் விளங்காதது. உறுதியாகத் தெரிந்த தையல்சிட்டும், ஊகத்தில் சொன்ன வார்ப்ளரும் ஒரே தோரணையில் வந்து நிற்கின்றன. பொங்கல் நாட்களின் பறவைகள் கணக்கெடுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது பெயர்களையும் திறந்து, அங்குள்ள படங்களோடு உங்கள் படத்தை ஒப்பிடுங்கள். பிறகு, பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளத்தில் அந்த மாதத்தில் அந்தப் பறவை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்றிலும் பார்க்க வேண்டும்.

அப்படியும் முடிவாகவில்லையென்றால் ஈபேர்டில் "வார்ப்ளர் எஸ்பி" (எந்த வார்ப்ளர் என்று உறுதியில்லை) என்று பதிந்து, மூன்று படங்களையும் வெட்டாமல் ஏற்றிவிடுங்கள். தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னதும் பெயரை மாற்றிக்கொள்ளலாம். மங்கலாக வந்த படத்தையும் அதுவரை போனிலிருந்து அழிக்க வேண்டாம்.