ஆட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதித் தரும் கடை

எங்கள் மாவட்டத் தலைநகரில் ஆட்சியர் அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டிய புளியமரத்தடியில் மனு எழுதித் தரும் கடை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. நான்கு மூங்கில்களில் கட்டிய நீலத் தார்ப்பாய், ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு அச்சுப்பொறி, வந்தவர் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், கைநாட்டு வைப்பவர்களுக்கான மைப்பெட்டி ஆகியவைதாம் கடை. பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரம் ஒன்று மேசைக்கடியில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. கடைக்காரர் முப்பது ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். கடந்த மூன்று ஆண்டுகளில் ஐந்து முறை அவரிடம் மனு எழுதிய வாடிக்கையாளன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் முறை சென்றது என் சொந்த வேலைக்காக. எங்கள் நிலத்தின் பட்டாவில் தந்தையின் பெயரில் ஒரு ‘ச்’ கூடுதலாக விழுந்திருந்தது. ஆதாரில் அந்த எழுத்து இல்லை என்பதால் பயிர்க்கடன் நின்றுபோயிற்று. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு எத்தனையோ முறை நடந்துவிட்ட கோபத்தில் இரண்டரைப் பக்கம் நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை முழுவதும் படித்தார். பிறகு, “நடந்ததெல்லாம் சரி சார், உங்களுக்கு என்ன ஆகணும்?” என்று கேட்டார். பெயரைத் திருத்த வேண்டும் என்றேன். “அது கடைசிப் பக்கத்துல கடைசி வரியில இருக்கு. மேல இருக்கிறவரு அவ்வளவு தூரம் வரமாட்டாரு” என்று சொல்லிவிட்டு, இரண்டரைப் பக்கத்தைப் பதினோரு வரியாக்கினார். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்ற வரிசையில் ‘பார்வை’க்கு அவர் தரும் மதிப்பு தனியானது. முன்பு கொடுத்த மனுக்களின் நாளும் எண்ணும் அங்கே ஏறாவிட்டால் ஒவ்வொரு மனுவும் முதல் மனுவாகவே போய்ச் சேரும் என்பது அவர் கணக்கு.

தொழில் அறிவில் குறை சொல்ல இடமில்லை. மனுவைப் பெற்ற 3 நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2015-இல் வெளியிட்ட 99-ஆம் எண் அரசாணையை மனுவின் கடைசிப் பத்தியில் தவறாமல் சேர்க்கிறார். அந்த மாதம் கழிந்தும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், ‘மேற்படி மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு இன்று யார் மேசையில் இருக்கிறது’ என்று கேட்டு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பச் சொல்கிறார். அந்த வில்லையும் அவரிடமே கிடைக்கும், கூடுதல் காசு வாங்குவதில்லை. என் மனு சுற்றிச் சுழன்று, யார்மீது புகார் சொன்னேனோ அதே அலுவலகத்துக்கே விசாரணைக்கு இறங்கியது. ‘விதிகளுக்குட்பட்டு ஆவன செய்யப்படும்’ என்று ஒரு தாள் வந்தது. ‘ச்’ நீங்கியது தகவல் கேட்ட பிறகுதான். மொத்தம் நான்கு மாதங்கள்.

எழுத மறுக்கும் வரிகளும் அவரிடம் உண்டு. நடவடிக்கை எடுக்காவிட்டால் குடும்பத்தோடு தீக்குளிப்போம் என்ற வரியை யார் எவ்வளவு கொடுத்தாலும் அச்சடிக்க மாட்டார். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில், குறைதீர் நாளான திங்கட்கிழமையன்றே, கந்துவட்டிக் கொடுமையைப் பற்றிப் பலமுறை மனு கொடுத்துப் பார்த்த ஒரு குடும்பம் இரண்டு சிறு பெண் குழந்தைகளோடு எரிந்து மாண்டது. அதற்குப் பிறகு எங்கள் ஊரிலும் வாசலில் காவலர்கள் பைகளைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர் பாட்டிலைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்தச் சோதனை வரிசை அவர் மேசைக்கு நேர் எதிரே நிற்கிறது. மறுப்பதற்கான காரணத்தை அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இனி, இந்தக் கடையைப் பற்றி எனக்குள்ள ஒரே மனக்குறை. 2025 பிப்ரவரியில் எங்கள் ஊரில் நூறுநாள் வேலை செய்யும் பெண்கள் பதினான்கு பேருடன் நானும் சென்றேன். அந்த நிதியாண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 319 ரூபாய். செய்த வேலையை அளவெடுத்த பிறகு கைக்கு வருவது அதற்கும் குறைவு. அதுவும் பல வாரங்களாக வரவில்லை. தமிழகம் முழுவதற்குமான நிலுவை 1,056 கோடி ரூபாயை விடுவிக்க வேண்டும் என்று ஜனவரியில் முதலமைச்சரே பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். அந்தச் செய்தியைச் சொன்னதும் கூட்டத்தில் மூத்த அம்மாள், “அவரும் நம்மள மாதிரி மனுதான் குடுத்துருக்காரா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் தார்ப்பாய்க்கடியில் நுழைந்தோம்.

கடைக்காரர் அதை ‘மகஜர்’ என்றார். பலர் சேர்ந்து கொடுக்கும் மனுவுக்கு இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் இன்றும் வழங்கும் சொல், இங்கே அவரைப் போன்ற பழைய கோர்ட்டு, கச்சேரி ஆட்களின் வாயில்தான் மிச்சமிருக்கிறது. கூலிப்பணம் மத்திய அரசிலிருந்து நேராக வங்கிக் கணக்கில் ஏற வேண்டியது, ஆட்சியர் நினைத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியாது என்பதை அவர்களுக்குப் புரியும்படி முதலில் எடுத்துச் சொன்னார். பிறகு ஆட்சியரால் முடிந்ததை மட்டும் கேட்டு எழுதினார்: வருகைப் பதிவேடு முடிந்த நாட்களையும் நிலுவைத் தொகையையும் எழுத்து மூலம் உறுதிசெய்ய வேண்டும், 15 நாட்களுக்குமேல் தாமதமான கூலிக்குச் சட்டப்படி நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு கணக்கிட வேண்டும். அப்படி ஓர் இழப்பீடு இருப்பதே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 5,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டோம். கணக்குப் போட்டு, “ரெண்டு ரூபா அம்பது காசு” என்றார். மறுபடியும் சிரிப்பு. ஆனாலும் கேட்க வேண்டும் என்று எழுதினார், அது சரிதான்.

அதன்பிறகு அந்த மூத்த அம்மாள் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். “அண்ணே, கேஸ் விலை ஏறுது, பருப்பு விலை ஏறுது, எண்ணெய் விலை ஏறுது. எங்க கூலி மட்டும் வரவேமாட்டேங்குது. ஓட்டுக் கேட்டு வந்தப்ப எங்க பேரு தெரிஞ்சவங்களுக்கு இப்ப தெரியலையே, அதையும் எழுதுங்க.” அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “எழுதுறேம்மா. அதுக்குப் பெறுநர் யாருன்னு சொல்லு” என்றார். யாருக்கும் பதில் தெரியவில்லை. வட்டாட்சியரா, ஆட்சியரா, அமைச்சரா? அந்த வரி மனுவில் ஏறவில்லை. ஒரு மனுவுக்கு ஒரே பொருள் என்ற தொழில் விதிப்படி அவர் செய்தது சரி. பல பொருள்களைக் கலந்த மனு எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் கிடப்பில் விழும் என்பதும் உண்மை. ஆனால் அன்று அந்தப் பதினான்கு பேரும் பேருந்துச் செலவு செய்து வந்தது அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் என்று எனக்குத் தோன்றியது. என் பட்டா மனுவைப் பதினோரு வரியாக்கியபோது நான் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை. இவர்கள் விஷயத்தில் அப்படிச் சொல்ல மாட்டேன்.

பத்திரிகைக்கு வாசகர் கடிதமாகவாவது எழுதித் தரலாமே என்று கேட்டுப் பார்த்தேன். “அது கடுதாசி சார், மனு இல்ல. எனக்கு வராது” என்று ஒப்புக்கொண்டார். வராது என்பதை நம்புகிறேன். அலுவலகத் தமிழ் முப்பது ஆண்டுகள் கையில் ஊறியவருக்குக் கோபத்தைக் கோபமாக எழுதும் தமிழ் மறந்துபோவது இயல்பு. ஆயினும் வேண்டாம் என்று தள்ளாமல், மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அம்மாளிடம் நீட்டினார். அம்மாளின் பேத்தி பேருந்து நிறுத்தத்திலேயே உட்கார்ந்து, பாட்டி சொல்லச் சொல்ல எழுதி, ஒரு நாளிதழுக்கு அனுப்பினாள். அது அச்சில் வரவில்லை. கூலி சில மாதங்கள் கழித்து வந்தது. எல்லா ஊர்களுக்கும் வந்ததால் எங்கள் மகஜரால் வந்தது என்று சொல்ல மாட்டேன். இழப்பீட்டைப் பற்றி இதுவரை ஒரு வரிகூடப் பதில் இல்லை.

இணையத்தில் கட்டணமின்றி மனுப் போடலாமே, எதற்குக் கடைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. முதல்வரின் முகவரி தளமும் 1100 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன. சில மாவட்டங்களில் ஆட்சியர் அலுவலகத்திலேயே இலவசமாக எழுதித் தர ஆட்களை உட்கார வைத்திருக்கிறார்கள். தட்டச்சு தெரிந்தவருக்கு அவை போதும். மற்றவர்களுக்கு, என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்பதைப் பிரித்துச் சொல்ல ஒரு மனிதர் எதிரே உட்கார வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குத்தான் இங்கே காசு.

மனு ஒன்றுக்கு 60 ரூபாய், கூட்டு மனுவுக்கு 100 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். முதியோர் உதவித்தொகை கேட்டு வருபவரிடம் நகலுக்கு மட்டும் வாங்குகிறார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் காலை ஒன்பது மணிக்கு முன் சென்றால் நிதானமாகக் கேட்டு எழுதுவார். பத்து மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும், அப்போது எழுதும் மனுக்களில் ஒற்றுப்பிழைகள் மலிந்திருக்கும். என் விஷயத்தில் ஒற்று என்ன பாடு படுத்தியது என்பது தெரிந்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்: அச்சடித்த பிறகு ஒருமுறை படித்துப் பார்த்தே கையெழுத்திடுங்கள். பதிவு செய்யும் இடத்தில் தரும் மனு எண் சீட்டை அவரிடம் காட்டினால், ஒரு நீளமான கணக்குப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்கிறார். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பெயரைச் சொன்னாலும் எடுத்துத் தருவார். எங்கள் மகஜரின் எண்ணும் அதில் இருக்கிறது. அடுத்த முறை ‘பார்வை’ என்ற இடத்தில் போட வேண்டியதுதான்.