எழுந்தால் வலி, படுத்தால் நிம்மதி: பொறுத்திருப்பதா, ரத்த ஒட்டா?

காவிரிக் கரை ஊர்களில் தலைவலிக்குக் காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. நடவு வெயில் என்பார்கள், பித்தம் என்பார்கள், நீர்க்கோவை என்று நொச்சி இலை போட்டு வேது பிடிக்கச் சொல்வார்கள். ஆனால் சிசேரியன் முடிந்த பெண்ணுக்கு, எழுந்து உட்கார்ந்ததும் பின்மண்டையும் கழுத்தும் தெறித்து, படுத்த சற்று நேரத்தில் வலி அடங்குகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது வேறு. முதுகில் மயக்க ஊசி போட்ட துளை வழியே, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீர் கசிகிறது.

ஒற்றைத் தலைவலிக்காரரும் இருட்டறையில் படுக்கவே விரும்புவார். ஆனால் படுத்த பிறகும் அவருக்கு வலி தொடரும். மருந்தில்லாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம்வரை கூட நீடிக்கும். குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இரண்டிலும் வருவதால், பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் படுக்கையும் எழுதலும்தான்.

கசிவுதான் என்று தெரிந்தால் முன்னால் இரண்டு வழிகள். முதலாவது பொறுத்திருப்பது: ஓய்வு, பாரசிட்டமால், போதிய தண்ணீர், காபி. கும்பகோணம் டிகிரி காபி இங்கே உண்மையிலேயே உதவும். விரிந்த ரத்தக் குழாய்களைக் காஃபீன் சுருக்குவதால் சில மணி நேரம் வலி தணியும். துளையை அது அடைக்காது. பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் துளை தானே மூடிக்கொள்கிறது. எனக்குக் கோபம் வருவது பத்தியத்தின் பெயரால் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வீடுகளைப் பார்த்துத்தான். பாலூட்டும் உடம்புக்கு, அதுவும் இந்த வலியோடு, அது கொடுமை. நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. பேறுகாலத்தில் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே கூடுதல்.

இரண்டாவது, ரத்த ஒட்டு. அமெரிக்க மருத்துவர் கோர்ம்லி 1960இல் எழுதிய முறை இது. நோயாளியின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, இப்போது வழக்கமாக 15 முதல் 20 மில்லி, தண்டுவடச் சவ்வுக்கு வெளியே மயக்கவியல் மருத்துவர் செலுத்துவார். அது உறைந்து துளையை மூடும். பலருக்குச் சில மணி நேரத்திலேயே நிமிர்ந்து உட்கார முடிகிறது. சிலருக்கு மறுமுறை தேவைப்படும். சில நாள் முதுகுவலி இருக்கலாம். காய்ச்சல் இருந்தாலோ, ரத்தம் உறையாமைக்கான மருந்து ஓடினாலோ செய்ய மாட்டார்கள்.

உட்கார்ந்து பாலூட்ட முடிகிற அளவு வலியென்றால் பொறுக்கலாம் என்பேன். முடியவில்லை என்றால், இரண்டு மூன்று நாளுக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கத் தேவையில்லை. ரத்த ஒட்டு கிடைக்குமா என்று அந்த மருத்துவமனையிலேயே வாய்விட்டுக் கேளுங்கள்.

ஊசியே போடாமல் தானாக வரும் கசிவில் கணக்கு மாறுகிறது. அது ஒற்றைத் தலைவலி என்றே மாதக்கணக்கில் மாத்திரையால் ஓட்டப்படுகிறது. மாதத்தில் 15 நாளுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை போட்டால் அந்த மாத்திரையே தலைவலி தரும். மருந்து ஏற்றி எடுக்கும் மூளை எம்ஆர்ஐ உதவும்தான், ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, கசிவு இருந்தும், அதில் கோளாறு எதுவும் தெரியாது. ஸ்கேன் சரியாக இருக்கிறது என்று நோயாளியைத் திருப்பி அனுப்புவது நியாயமாகாது. பொறுத்திருப்பதன் பலனும் இங்கே குறைவு. ரத்த ஒட்டு பலமுறை தேவைப்படலாம். கசியும் இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கவும், பசை மருந்தோ அறுவையோ செய்யவும், டெல்டாவை விட்டுப் பெரிய நரம்பியல் மையத்துக்குப் போக நேரலாம். பிறகு சில வாரங்களுக்கு நடவுக்குக் குனிவதும் குடம் தூக்குவதும் கூடாது. வீட்டார் அந்த வேலையை ஏற்க வேண்டும்.

எழுந்தால் மட்டும் வந்த வலி படுத்தும் விடாமல் மாறினால், அல்லது வலிப்பு, மயக்கம், காய்ச்சல், பார்வை மங்கல், ஒரு பக்க பலவீனம் வந்தால், இரண்டு வழிகளையும் ஒதுக்கிவிட்டு 108ஐ அழையுங்கள். பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் எந்தக் கடும் தலைவலி வந்தாலும் முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.