மூன்று வருடமாகக் கட்டிப் பார்த்தபின்: தடிமனான டைவ் வாட்ச் சின்ன மணிக்கட்டுக்குச் சரிப்படுமா?

என் மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ. அதாவது கொஞ்சம் ஒல்லிதான். அதில் 44.3 மி.மீ. விட்டமும் 14 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவான தடிமனும் உள்ள ஒரு வாட்சை மூன்று வருடத்துக்கு மேல் கட்டிக்கொண்டிருக்கிறேன். சீகோ டர்ட்டில், மாடல் எண் எஸ்ஆர்பி777. இந்த அளவைக் கேட்டதும் வாட்ச் விஷயம் தெரிந்த நண்பர்கள் எல்லாரும் "உன் கைக்கு வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள். இதற்கு முன்னால் நான் வாங்கிய டைவ் வாட்ச் (முக்குளிப்பவர்களுக்காகச் செய்யப்படும் வாட்ச்) 42 மி.மீ.தான், காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சின்னது. அதை நாலு மாதம்கூடக் கட்ட முடியவில்லை, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். பெரியது உட்கார்ந்தது, சின்னது உட்காரவில்லை. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள எனக்கு நிறைய நாளும் கொஞ்சம் பணமும் ஆனது, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

அந்த முதல் வாட்சின் பெயர் வேண்டாம். எழுபதுகளின் சாயலில் செய்யப்பட்டது, படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். ஆன்லைனில் வாங்கினேன், கையில் வைத்துப் பார்க்க வழியில்லை. விட்டம் 42 என்று போட்டிருந்ததைப் பார்த்தேன், வேறெதையும் பார்க்கவில்லை. கட்டிய பிறகுதான் ஸ்ட்ராப் மாட்டுகிற நான்கு கொம்புகள், லக் என்பார்களே, அவை என் மணிக்கட்டின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனிவரை அளந்தால் 51 மி.மீ. என் மணிக்கட்டின் மேல்பக்கத்தில் தட்டையாக இருக்கும் இடமே 50 மி.மீ.தான். அப்புறம் எப்படி உட்காரும்? ஸ்ட்ராப் சதையை ஒட்டி இறங்காமல் அந்தரத்தில் கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் வளைந்தது. அந்த இடைவெளியில் என் சுண்டுவிரல் நுனி நுழையும்.

டர்ட்டிலில் அதே நுனிக்கு நுனி அளவு ஏறத்தாழ 48 மி.மீ.தான். விட்டம் 44-க்கு மேல் இருந்தாலும் வாட்சின் உடம்பு, கேஸ் என்பார்கள், குஷன் வடிவத்தில், ஆமை ஓடு மாதிரி உருண்டு இருப்பதால் கொம்புகள் தனியாக நீட்டிக்கொண்டு போவதில்லை, ஓட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. டர்ட்டில் என்ற செல்லப்பெயர் வந்ததும் அந்த வடிவத்தால்தான். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன்: டியூடர் பிளாக் பே ஃபிஃப்டி எய்ட் 39 மி.மீ. வாட்ச், சின்ன மணிக்கட்டுக்காரர்கள் எல்லாரும் கொண்டாடுகிற வாட்ச், அதன் நுனிக்கு நுனி அளவும் இதற்குப் பக்கத்தில்தான், 47.5 மி.மீ. சொச்சம் வரும். விட்டத்தில் ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம், கையின் குறுக்கே படுக்கிற நீளத்தில் அரை மில்லிமீட்டர். டோக்சா சப் 300டி இன்னும் ஒரு படி மேல், விட்டம் 42.5, நீளம் 45 அளவுதான். அதனால் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், வேண்டாம் என்று ஒதுக்கவும் செய்யாதீர்கள்.

சரி, தடிமன் விஷயத்துக்கு வருவோம். இதுதான் என்னை நிறைய யோசிக்க வைத்தது.

டைவ் வாட்ச் தடிமனாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்க கண்ணாடியும் பின்மூடியும் கனமாக இருக்க வேண்டும், மேலே கண்ணாடியைச் சுற்றிச் சுழலும் வளையம், அதாவது பெசல், உட்கார இடம் வேண்டும், உள்ளே கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் இயந்திரம் என்றால் அதன்மேல் சுற்றும் எடைத்தட்டுக்கும், அதாவது ரோட்டருக்கும், உயரம் வேண்டும். டர்ட்டிலில் இருக்கும் 4ஆர்36 இயந்திரம் மட்டுமே 5.32 மி.மீ. உயரம், கிழமையும் தேதியும் காட்டும் தட்டுகளும் அதில் அடக்கம். இந்த வாட்சின் மூதாதை 6309 வரிசை. 1976-ல் வந்து 1988 வரை தயாரானது, 150 மீட்டர் ஆழத்துக்கானது. 2016-ல் அதே உடம்பை வைத்து மறுபடியும் கொண்டுவந்தபோது 200 மீட்டராக்கினார்கள். பழையதில் கையால் சாவி கொடுக்க முடியாது, நேரம் வைக்கும்போது நொடிமுள்ளை நிறுத்தவும் முடியாது. புதியதில் இரண்டும் உண்டு. முதலில் பழைய 6309-ஐத்தான் தேடினேன். ஆனால் நம் ஊர்ச் சந்தையில் வருகிற பழைய சீகோக்களில் டயலை மறுபடி பெயின்ட் அடித்து, கண்ட பாகங்களைச் சேர்த்து ஓட்டியவை ஏராளம். 'மும்பை ஸ்பெஷல்' என்று அதற்கு உலகம் முழுக்கப் பெயரே இருக்கிறது. அசலைப் பிரித்தறியும் கண் எனக்கு இல்லை, பழைய ரப்பர் வளையங்களை நம்பித் தண்ணீரில் இறங்கவும் மனமில்லை. அதனால் மறுவார்ப்பே போதும் என்று முடிவு செய்தேன்.

14 மி.மீ. என்று ஒரே எண்ணாகச் சொல்கிறோம், ஆனால் அந்த உயரம் வாட்சில் எங்கே இருக்கிறது என்பதுதான் கைக்குத் தெரிகிறது. மேலிருந்து கீழாகக் கண்ணாடி, பெசல், நடு உடம்பு, பின்மூடி என்று நான்கு அடுக்கு. பழைய பாணி வாட்சுகளில் கண்ணாடியே ஒன்றரை இரண்டு மில்லிமீட்டர் மேடாக எழும்பி நிற்கும். அந்த உயரம் கண்ணுக்கு உறுத்தாது, வெளிச்சம் ஊடுருவிப் போய்விடுகிறது. பின்மூடி கொஞ்சம் புடைத்திருந்தால் அது சதைக்குள் அமிழ்ந்துவிடும், எலும்பான கையாக இருந்தால் மட்டும் வாட்சைத் தூக்கிவிடும். கண்ணுக்குத் தடிமன் என்று தெரிவது நடு உடம்புதான். என் முதல் வாட்சின் பக்கவாட்டு செங்கல் மாதிரி நேர்க்குத்தாக இறங்கியது, அதன் 15 மி.மீ.யில் பெரும்பங்கு அந்தச் சுவர்தான். டர்ட்டிலின் பக்கவாட்டு வெளியே புடைத்து, பிறகு உள்ளே சரிந்து கைக்கு அடியில் மறைகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் நிழல் விழுந்து பாதி உயரம் காணாமல் போகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் ஒரு மில்லிமீட்டர்தான், கையில் அது இரண்டு மடங்கு மாதிரி இருந்தது.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறேன், நான் செய்துதான் இதை வாங்கினேன். அட்டையை வாட்சின் விட்டத்துக்கு வட்டமாகவும், மேலும் கீழும் நுனிக்கு நுனி நீளம் வருகிற மாதிரி கொம்பு விட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அதன்மேல் ஏழெட்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டேப் ஒட்டுங்கள். எட்டு நாணயம் அடுக்கினால் ஏறத்தாழ 14 மி.மீ. வரும், ஓரளவு கனமும் கிடைக்கும். ஒரு ரிப்பனால் கையில் கட்டி ஒரு மணிநேரம் சட்டை போட்டுக்கொண்டு வீட்டு வேலை செய்யுங்கள். அழகைப் பற்றி இது எதுவும் சொல்லாது, ஆனால் சட்டைக் கையில் எங்கே மாட்டுகிறது, புறங்கையை மடக்கினால் எங்கே முட்டுகிறது என்று சொல்லிவிடும். இன்னொன்று, செல்ஃபோன் கேமராவைப் பக்கத்தில் கொண்டுபோய் எடுத்த படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்த லென்ஸ் முன்னால் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். ஆளுயரக் கண்ணாடி முன் கையைச் சாதாரணமாகத் தொங்கவிட்டு நின்று பாருங்கள், மற்றவர்கள் பார்ப்பது அதைத்தான்.

முதல் பத்து நாள் எல்லாத் தடிமனான வாட்சும் அந்நியமாகத்தான் இருக்கும். அப்பாவின் எச்எம்டி ஜனதாவைக் கல்லூரிக் காலம் முழுக்கக் கட்டியவன் நான், சாவி கொடுக்கிற சின்ன வாட்ச், கையில் இருப்பதே தெரியாது. அதிலிருந்து இதற்கு வந்தபோது கதவு நிலை, பீரோக் கைப்பிடி என்று போகிற இடமெல்லாம் இடித்தேன். தாராபுரம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது அம்மா கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, இவ்வளவு பெரிசக் கட்டிட்டு கையத் தூக்க முடியுதா?" என்று கேட்டார். அந்த வாரம் எனக்கே சந்தேகம் வந்தது. மூன்றாவது வாரம் இடிப்பது நின்றுவிட்டது. உடம்பு கற்றுக்கொள்கிறது.

ஆனால் உடம்பு கற்றுக்கொள்ளாத விஷயங்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நான் வைத்துக்கொண்ட கணக்கு எளிது: ஒரு நாளில் எத்தனை தடவை என்னை அறியாமல் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைக்கிறேன்? முதல் வாட்சை டைப் அடிக்கும்போது ஒருமுறை, சாப்பிடும்போது ஒருமுறை, வண்டி ஓட்டும்போது ஒருமுறை என்று கழற்றிக்கொண்டே இருந்தேன். தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் பைக்கில் போகிறவன், கிளட்ச் பிடித்துப் பிடித்து இடது மணிக்கட்டு மடங்கும்போதெல்லாம் கிரவுன், அதாவது நேரம் வைக்கும் பக்கவாட்டுத் திருகு, புறங்கையில் குத்தும். சிவப்பாகத் தழும்பே விழுந்தது. டர்ட்டிலில் கிரவுன் மூன்று மணியில் இல்லை, நாலு மணிப் பக்கம் இறங்கி இருக்கிறது, கேஸின் ஓரம் அதை அணைத்தும் இருக்கிறது. கையை முழுக்க மடக்கினாலும் குத்தவில்லை. தண்டால் எடுக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை. தடிமனான வாட்ச் வாங்குகிறவர்கள் கிரவுன் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள், எனக்கு இது நுனிக்கு நுனி அளவுக்குச் சமமான விஷயம்.

ஸ்ட்ராப்பில்தான் ரொம்ப நாள் தடுமாறினேன். உயரமான வாட்சின் கனம் மேலே இருப்பதால் கையை வீசி நடக்கும்போது அது ஒரு பக்கம் சாயும், சாய்வதைத் தடுக்க இறுக்கிக் கட்டுவோம், இறுக்கினால் மதியம் கை வீங்கும்போது வலிக்கும். சென்னை வெயிலில் கை வீங்குவது சாதாரண விஷயம், ஏப்ரல் மே மாதங்களில் காலையில் சரியாக இருந்த துளை மூன்று மணிக்கு நெருக்கும். முதலில் நேட்டோ நைலான் ஸ்ட்ராப் போட்டேன், பார்க்கக் கம்பீரமாக இருந்தது, ஆனால் அது வாட்சுக்கு அடியில் இரண்டு மடிப்பாகப் போவதால் உயரம் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் ஏறிவிட்டது. வியர்வையில் ஊறினால் வாசமும் வந்துவிடும். தோல் ஸ்ட்ராப்பை இந்த வெயிலில் யோசிக்கவே வேண்டாம். ஸ்டீல் பிரேஸ்லெட் நன்றாக இருந்தது, கைக்கு அடியில் எடை வருவதால் மேலே இருக்கும் தலை ஆடாமல் நின்றது, மொத்தக் கனம் மட்டும் மாலைக்குள் தோளில் தெரிந்தது. கடைசியில் நிலைத்தது மென்மையான ரப்பர். தோலைப் பற்றிக்கொள்வதால் இறுக்காமலே வாட்ச் நிற்கிறது. சீகோவின் பழைய டைவ் வாட்ச் ஸ்ட்ராப்புகளில் அடுக்கடுக்காகத் துருத்தி மாதிரி மடிப்பு இருக்குமே, அது ஆழத்தில் முக்குளிப்பு உடை அழுத்தத்தால் சுருங்கும்போது ஸ்ட்ராப்பும் கூடவே சுருங்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. வெயிலில் வீங்கும் கைக்கும் அந்த மடிப்பு நல்ல உதவி, காலை துளையையே இரவுவரை வைத்துக்கொள்ளலாம்.

கட்டுகிற இடமும் முக்கியம். சுண்டுவிரல் பக்கம் புடைத்திருக்கும் எலும்புக்குப் பின்னால், முழங்கைப் பக்கமாக ஒரு விரல் தள்ளிக் கட்டுங்கள். அங்கே கை மடங்காது. எலும்புமேலேயே கட்டினால் எந்தத் தடிமனான வாட்சும் ஆடும்.

ஒரே ஒரு இடத்தில் இந்த வாட்சும் நானும் இன்னும் ஒத்துப்போகவில்லை, முழுக்கைச் சட்டை. பட்டன் போட்ட கஃப் இதன்மேல் ஏறாது, ஏறினால் இறங்காது. எங்கள் தையல்காரரிடம் சொல்லி இடது கஃபை மட்டும் அரை அங்குலம் தளர்த்தித் தைத்துக்கொண்டேன், வெளியே தெரிவதில்லை. ரெடிமேட் சட்டை போடும் நாளிலும் கல்யாண வீட்டுக்குப் போகும்போதும் அப்பாவின் ஜனதாதான். தினமும் ஃபார்மல் சட்டை போடும் வேலையில் இருப்பவர்கள், அதுவும் ஒரே வாட்ச்தான் வைத்திருப்பேன் என்பவர்கள், 12 மி.மீ.க்குள் ஒன்றைப் பார்ப்பது நல்லது. மணிக்கட்டு 15 செ.மீ.க்குக் கீழ் இருந்தால் டர்ட்டிலை வாங்குவதற்கு முன் யாரிடமாவது ஒரு வாரம் இரவல் கேளுங்கள். என் சித்தப்பா மகனுக்கு 15 செ.மீ. கை, ஆசைப்பட்டான், ஒரு வாரம் கொடுத்தேன். ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டான், "அழகா இருக்குண்ணா, ஆனா எப்பவும் இது கையில இருக்குன்னு ஞாபகம் வந்துட்டே இருக்கு" என்றான். அவன் சொன்னது சரியான காரணம்.

பெசலை நிஜமாகவே பயன்படுத்துகிறேன். முக்கோணத்தை நிமிடமுள்ளுக்கு நேராகத் திருப்பிவிட்டால் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியும். இட்லிக்கு, பார்க்கிங்குக்கு, ஊரில் பம்புசெட் தண்ணீர் மாற்றிவிடுவதற்கு. இருட்டில் விடியற்காலைவரை முள் ஒளிர்கிறது. இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும், முழு சாவிக்கு 41 மணிநேரம் ஓடும் இயந்திரம். தண்ணீரில் இறங்கும் முன் கிரவுனைத் திருகி மூடியிருக்கிறதா என்று மட்டும் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல், பெசல் ஓரத்தில் மோட்டார் ரூம் சுவரில் உரசிய தடம், மற்றபடி வாட்ச் அப்படியே இருக்கிறது. ரப்பர் ஸ்ட்ராப் மூன்றாவது துளையில். மே மாதம் ஊருக்குப் போகும்போதும் இதைத்தான் கட்டிக்கொண்டு போகப் போகிறேன், இந்த வருடம் கிணற்றில் எட்டுப் படி தண்ணீர் நிற்கிறது என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.